ஏற்காட்டில் படம் எடுத்தால் அரசாங்கம் காசு தருமா?

கோரிமேட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். சேலம், ஏற்காடு பக்கம் ஷூட்டிங் வேலை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஆறு வருஷம் சென்னையில் சீரியல்களில் உதவி இயக்குநராக இருந்தேன், இப்போது வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஒரு சின்னப் படத்தில் இறங்கியிருக்கிறேன். கதை முழுக்க ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் நடக்கிறது. மொத்தம் 24 நாள், அதில் 19 நாள் மலை மேலே. பட்ஜெட் 85 லட்சம். 60 தேறிவிட்டது (அண்ணன், அண்ணனின் இரண்டு நண்பர்கள், கொஞ்சம் என் சேமிப்பு, அம்மாவின் வளையல் நாலு). மீதி 25க்குத்தான் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இந்த நேரத்தில் மாமா ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டார். இந்தியாவில் படம் எடுத்தால் செலவில் 40 சதவீதத்தை அரசே திருப்பித் தருகிறது என்று. அவர் கணக்குப்படி 85 லட்சத்தில் 40 சதவீதம் 34 லட்சம், எனக்குக் குறைவது 25, ஆக படம் தொடங்கும் முன்பே 9 லட்சம் லாபம். வீட்டில் எல்லாரும் அதை நம்பிவிட்டார்கள், நான் மட்டும்தான் நம்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். அது உண்மையா? தமிழ்நாடு அரசு தனியாக ஏதாவது தருகிறதா? சென்னைக்கு வெளியே, அதுவும் சேலம் மாதிரி ஊரில் எடுத்தால் சலுகை உண்டா? தியேட்டருக்குப் போகாமல் வெப் தொடராக மாற்றினால் கிடைக்குமா? அனுமதி யாரிடம் வாங்குவது என்பதும் தெரிய வேண்டும். சீரியலில் அதையெல்லாம் புரொடக்ஷன் மேனேஜர் பார்த்துக்கொள்வார், நாங்கள் கிளாப் அடிப்பதோடு சரி.

கணக்குப் பேரேடு:

முதலில் மாமாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். 40 சதவீதம் பொய் இல்லை, ஆனால் அது உங்களுக்கு இல்லை. மத்திய அரசு வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கும், நம்மோடு ஒப்பந்தம் உள்ள நாடுகளுடன் சேர்ந்து எடுக்கும் கூட்டுத் தயாரிப்புகளுக்கும் தரும் சலுகை அது. 2022ல் 30 சதவீதம், உச்சவரம்பு 2 கோடி என்று தொடங்கியது. 2023 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில் 40 சதவீதம், 30 கோடி வரை என்று ஏற்றினார்கள். லண்டனிலிருந்து ஒரு கம்பெனி வந்து, தகுதிக்கு வேண்டிய அளவு செலவு செய்து, ஏற்காட்டில் எடுத்தால் கேட்கலாம். சேலம் கோரிமேட்டிலிருந்து வண்டி ஏறினால் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் உங்கள் அளவுப் படத்துக்கு இருப்பது, குறைந்த செலவில் எடுத்த தரமான தமிழ்ப் படங்களுக்கான 7 லட்ச ரூபாய் மானியம். செய்தித் துறை வழியாக வரும். படம் எடுத்து முடித்து, சென்சார் வாங்கி, தியேட்டரில் வெளியான பிறகுதான் விண்ணப்பமே. அப்புறம் குழு உட்கார்ந்து படம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல வருஷத்துப் படங்களைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அறிவிப்பதும் நடந்திருக்கிறது. அதே துறையின் மாநில விருதுகளைப் பாருங்கள்: 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு 2017ல்தான் அறிவித்தார்கள், மேடையில் கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். ஆகவே அந்த 7 லட்சத்தைப் பட்ஜெட்டில் எழுதாதீர்கள். வந்தால் அம்மாவின் வளையலை மீட்கலாம், அவ்வளவுதான். வெப் தொடருக்கு இது பொருந்தாது.

அப்புறம் நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், சென்னைக்கு வெளியே எடுத்தால் கூடுதலா என்பது. இதில்தான் நம் மாநிலத்துக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். இங்கே சலுகை எப்போதுமே மொழிக்குத்தான். 2006ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்றார்கள். 2011ல் ஆட்சி மாறியதும் யு சான்றிதழ் வேண்டும், தமிழ்ப் பண்பாடு இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த ஏற்பாடு போயிற்று. அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றதும் தியேட்டர்களை நாலு நாள் பூட்டினார்கள், பிறகு பேசிப்பேசி தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதத்துக்கு இறக்கினார்கள். இதில் எந்தக் கட்டத்திலும் எங்கே எடுத்தாய், யாருக்குக் கூலி கொடுத்தாய் என்ற கேள்வியே இல்லை. ஏற்காட்டில் எடுத்தாலும் பல்லாவரத்தில் வீடு வாடகைக்குப் பிடித்து எடுத்தாலும் அரசாங்கத்துக்கு ஒன்றுதான். உத்தரப் பிரதேசத்தில் அப்படி இல்லை. ஷூட்டிங் நாட்களில் பாதி அந்த மாநிலத்தில் நடந்தால் 1 கோடி வரை, மூன்றில் இரண்டு பங்கு நடந்தால் 2 கோடி வரை என்று நாளை எண்ணி மானியம். குஜராத் 2022ல் கொண்டுவந்த கொள்கையில் டிவி தொடர், வெப் தொடர், ஆவணப்படம் எல்லாமே உண்டு. கேரளாவில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்குப் படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை போட்டுத் தானே தயாரிக்கிறது. நீங்கள் வாளையாறுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் இந்நேரம் மனு போட்டிருக்கலாம்.

வெட்டிப்பேச்சு:

அக்கா, பேசாமல் ஐதராபாத் போங்க. ஃபிலிம் சிட்டிக்குள்ளே மலை, ரோடு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இருக்கு. அனுமதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

கோரிமேட்டுக்காரி:

அங்கே காபிச் செடி இருக்கிறதா தம்பி?

இருபதாவது வளைவு:

நான் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறேன், சின்னதாக ஒரு ஹோம்ஸ்டேயும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஷூட்டிங் யூனிட்டுக்கு இடம் காட்டும் வேலை பார்க்கிறேன். மானியம் எனக்குத் தெரியாதுங்க, மலை தெரியும்.

தனியார் எஸ்டேட்டுக்குள் எடுத்தால் எஸ்டேட்காரர் எழுத்தில் கொடுத்தால் போதும், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஏரி, படகுத்துறை என்றால் சுற்றுலாத் துறை. பூங்காக்கள் தோட்டக்கலைத் துறை. ஒரு காலை எஸ்டேட் வேலிக்கு வெளியே வைத்தாலும் அது காப்புக்காடாக இருக்கலாம், அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கவே கூடாது, அந்த அனுமதி ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு இடங்களுக்கு இப்போது ஒற்றைச் சாளரம் என்று செய்தித் துறை வழியாக விண்ணப்பிக்கலாம். சாளரம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பழைய ஆட்கள் அத்தனை பேரும். கதையில் நாய், கோழி, மாடு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் விலங்கு நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆபீஸ் முன்னால் திருவான்மியூரில் இருந்தது, 2018ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கருப்பன் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு ஷாட்டுக்காக ஒரு யூனிட் ஹரியானாவுக்கு மனு போட்டது. அவன் மட்டும் மனுவெல்லாம் போடாமல் படுத்துத் தூங்கினான்.

மாதம் பார்த்து வாருங்கள். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிப்பு, எந்த எஸ்டேட்டிலும் உள்ளே விட மாட்டார்கள், விட்டாலும் ஆள் நடமாட்டம் இருக்கும். போன வருஷம் ஒரு யூனிட் டிசம்பரில் வந்து செடி முழுக்கச் சிவப்பாகப் பழம் தெரிகிற மாதிரி நாலு நாள் எடுத்தார்கள். ஹீரோயினுக்குக் காய்ச்சல் வந்து பாதியில் போய் ஜனவரி கடைசியில் திரும்பினார்கள். செடியில் ஒரு பழம் இல்லை, மொட்டைப் பச்சை. ஆர்ட் டைரக்டர் சேலத்துக்கு ஆள் அனுப்பிச் சிவப்பு மணி வாங்கிவரச் சொல்லி, ஃபெவிகால் போட்டு ஒவ்வொரு கிளையிலும் ஒட்டிக்கொண்டிருந்தார், பறிக்க வந்த அம்மாக்கள் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மே மாதம் கோடை விழா, வண்டி நகராது. ஜெனரேட்டர் வண்டியைச் சனி, ஞாயிறில் மலை ஏற்றாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, பெரிய வண்டி ஒன்று வளைவில் பின்னுக்கு எடுத்து முன்னுக்கு எடுத்துத் திரும்புவதற்குள் கீழே அடிவாரம் வரைக்கும் ஹாரன் கேட்கும். விடிகாலை நாலு மணிக்கு ஏறுங்கள்.

சரி, ஒரு விஷயம் மனசில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். யூனிட் வந்தால் ஊருக்கு வருமானம் என்கிறார்கள். லைட்மேன், மேக்கப், சமையல், பாத்திரம், அரிசி வரைக்கும் சென்னையிலிருந்தே வருகிறது. எங்களுக்கு வருவது ரூம் வாடகை, ஜீப், கூட்டத்தில் நிற்க நாலு பேர். அதிலும் ஒரு யூனிட் எனக்கு 38 ஆயிரம் பாக்கி வைத்துவிட்டுப் போனது. மூன்று ஜீப், ஒன்பது நாள், பாதிப் பணம் கொடுத்துவிட்டு மீதியைச் சென்னை போய் அனுப்புகிறேன் என்றார் மேனேஜர். படமும் வந்தது, போஸ்டரும் பார்த்தேன், அந்த நம்பர் மட்டும் உபயோகத்தில் இல்லை.

பீச் மர நிழல்:

சொந்த ஊர் சேலம் அஸ்தம்பட்டி, வேலை அட்லாண்டாவில், ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோவில். ஜீப் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் சலுகையே அந்த ஜீப் வாடகையை வைத்துத்தான் நடக்கிறது. மாநிலத்துக்குள் நீ செலவு செய்த தொகையில் 20 சதவீதம் வரிக் கழிவு (கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்), படத்தின் கடைசியில் மாநில முத்திரையை (பீச் பழம்) போட்டால் இன்னும் 10. டிவி தொடருக்கும் உண்டு. குறைந்தது 5 லட்சம் டாலர் செலவு செய்திருக்க வேண்டும். ஹாலிவுட் கம்பெனிக்கு இங்கே கட்ட வேண்டிய வரி பெரிதாக இருக்காதே, கழிவை வைத்து என்ன செய்வது? இங்கே வரி கட்டும் வேறு கம்பெனிக்குக் கொஞ்சம் தள்ளுபடியில் விற்றுவிடுகிறார்கள். 2008ல் இந்த அளவுக்குச் சட்டம் வந்தது, அப்புறம் ஊரே மாறிவிட்டது, எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி ஓடவில்லை. மிச்சிகனில் அதே 2008ல் 42 சதவீதம் வரை தருகிறோம் என்றார்கள். எல்லாரும் ஓடினார்கள். கட்டுப்படியாகவில்லை என்று 2015ல் மூடினார்கள், எல்லாரும் திரும்ப ஓடிவந்துவிட்டார்கள். காசு இருக்கும்வரை இருக்கும் கூட்டம் அது. இங்கேயே இருக்கும் பொருளாதாரக்காரர்கள் பலர் இந்தச் சலுகையே வீண் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் அதில் சம்பளம் வாங்குகிறவன், என் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

பழைய கன்னங்குறிச்சி:

சேலத்துக்குச் சலுகை வேண்டும் என்று நீங்கள் எல்லாம் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் அந்த ஆர்ச் வழியாகத்தானே எல்லாரும் மலைக்குப் போகிறீர்கள். அதற்குப் பின்னால் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோ இருந்தது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஆரம்பித்தது. மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938ல் தயாரித்தது சேலம் கம்பெனி, தமிழின் முதல் கலர் படம் 1956ல் வந்ததும் இங்கிருந்துதான். நூறு படத்துக்கு மேல். எந்த அரசாங்கம் மானியம் கொடுத்தது? என் அப்பா அங்கே செட் தச்சர். மாசச் சம்பளம். காலையில் சைக்கிளில் போவார், ராத்திரி மரத்தூளோடு வருவார், நாங்கள் சட்டையை உதறித்தான் உள்ளே விடுவோம். கேமரா, லேப், கதை எழுதுகிறவர், நடிகர், தச்சர் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். அதனால்தான் செலவு கட்டுப்பட்டது. முதலாளி சுந்தரம் 1963ல் இறந்துபோனார், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே கோடம்பாக்கம். இப்போது அந்த இடத்தில் வீடுகள்.

கணக்குப் பேரேடு:

ஐயா சொல்வது சரிதான், ஆனால் அதிலேயே பதிலும் இருக்கிறது. உங்கள் அப்பா சேலத்தில் இருந்தார், அதனால் சென்னையிலிருந்து தச்சர் வர வேண்டியதில்லை. இன்றைக்கு லைட்மேன், தச்சர், மேக்கப் எல்லாரும் சென்னையில் இருக்கிறார்கள். ஏற்காட்டில் 19 நாள் என்றால் நாற்பது பேருக்குப் பேட்டா, தங்கும் செலவு, வேன் வாடகை. சென்னைக்குள்ளேயே எடுத்தால் இது பெரும்பாலும் இல்லை. சின்னப் படங்கள் மலைக்கு வராததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். நம் அரசு 2024ல் அறிவித்த 500 கோடி ரூபாய் ஃபிலிம் சிட்டியும் பூந்தமல்லி பக்கம்தான், ஏறத்தாழ 150 ஏக்கர். ஏற்கெனவே எல்லாம் இருக்கும் ஊருக்கே இன்னும் ஒன்று. அதில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, சென்னைக்கு வெளியே தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு, உள்ளூர் ஆளுக்குக் கொடுத்த கூலியில் இவ்வளவு என்று ஒரு மானியம் வைத்திருந்தால் சேலம், தேனி, பொள்ளாச்சி எல்லாம் பிழைக்கும். இது என் ஆசை, அரசாணை இல்லை.

இருபதாவது வளைவு, உங்கள் 38 ஆயிரத்துக்கு வருவோம். இடத்தை வைத்து மானியம் தரும் ஊரில் யூனிட் உங்களை ஏமாற்றிவிட்டுப் போக யோசிக்கும், ஏனென்றால் மானியம் கேட்க உங்கள் பில் வேண்டும், பணம் வங்கி வழியாகப் போன சாட்சியும் வேண்டும், ஆடிட்டர் கையெழுத்தும் வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எந்த யூனிட்டுக்காவது பில் கொடுத்திருக்கிறீர்களா?

இருபதாவது வளைவு:

இல்லைங்க. துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். பில் போட்டால் ஜிஎஸ்டி கட்டச் சொல்லுவார்கள் என்று பக்கத்து ஜீப்காரர் சொன்னார்.

கணக்குப் பேரேடு:

சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்லை. பெயர், தேதி, வண்டி எண், எத்தனை நாள், தொகை, கையெழுத்து உள்ள சாதாரண பில் போதும். இன்னொன்று, கோரிமேட்டு அம்மணியும் கவனியுங்கள்: ஒரே நாளில் ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைச் செலவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். யூனிட் மேனேஜர்கள் ரொக்கம் கட்டிக்கொண்டு வருவது வழக்கம் என்று எனக்கும் தெரியும். உங்கள் படத்தில் வேண்டாம். நாளைக்கு ஒரு ஓடிடி கம்பெனி படத்தை வாங்க வந்தால் முதலில் கேட்பது யார் யாருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, யாருக்குப் பாக்கி இருக்கிறது என்பதுதான். மானியம் இல்லாவிட்டாலும் காகிதம் உதவும்.

வெட்டிப்பேச்சு:

ஜீப் அண்ணே, அந்தப் படம் பேரைச் சொல்லுங்க, ரிவ்யூவில் போய்க் கிழிச்சிடலாம்.

இருபதாவது வளைவு:

வேண்டாம் கண்ணு. அந்த டைரக்டர் பையன் நல்லவன், குளிரில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து டீ கொடுத்தான். அவனுக்கே சம்பளம் வந்திருக்காது.

கோரிமேட்டுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இப்போது லண்டனில் யாராவது தெரிந்தவர் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறார், அதைத் தடுக்கும் சக்தி எனக்கு இல்லை.

நேற்று ராத்திரி உட்கார்ந்து பட்ஜெட்டைத் திருப்பி எழுதினேன். 7 லட்சத்தை வரவில் சேர்க்கவில்லை. 19 நாளை 14 ஆக்கிவிட்டேன். வீட்டுக்குள் நடக்கும் ஐந்து நாள் காட்சிகளைச் சேலத்தில், எங்கள் பாட்டி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம், ஓட்டு வீடு, ஜன்னலுக்கு வெளியே மட்டும் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாற்பது பேரை இருபத்தாறு ஆக்கினேன். சமையலுக்குச் சென்னையிலிருந்து ஆள் வேண்டாம், ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு மெஸ் அம்மாவிடம் பேசப் போகிறேன், சாயங்காலத்துக்குக் கீழேயிருந்து தட்டுவடை செட் வாங்கிவந்து கொடுத்தால் யூனிட்டே அடங்கிவிடும். எல்லாம் சேர்த்து 71க்கு வருகிறது. இன்னும் 11 வேண்டும், ஆனால் 11க்கு வரும் பயம் 25க்கு வரும் பயம் மாதிரி இல்லை. பிப்ரவரி கடைசியில் வரலாம் என்று இருக்கிறேன், பறிப்பு முடிந்திருக்கும் இல்லையா?

கதையில் ஒரு நாய் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இருபதாவது வளைவு அண்ணா, இரண்டு ஜீப், 14 நாள், டிரைவரோடு என்ன விலை வரும்? பாதியை முன்பணமாக வங்கியில் போடுகிறேன், மீதி மலை இறங்கும் அன்று காலையில், வண்டி கிளம்பும் முன். பில்லோடு சொல்லுங்கள்.

இருபதாவது வளைவு:

பிப்ரவரி கடைசி சரியான நேரம்மா. பறிப்பு முடிந்திருக்கும், பனியும் காலையில் மட்டும்தான். மார்ச்சில் ஒரு மழை பெய்தால் காபிப் பூ பூக்கும், தோட்டம் முழுக்க வெள்ளையாக நாலைந்து நாள் நிற்கும், மல்லிகை மாதிரி மணம், அது கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். பூ வந்தால் அதுவரைக்கும் எடுத்ததோடு ஒட்டாமல் போகும் என்று பயந்தால் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

விலையை நாளைக்குச் சொல்கிறேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரஸ்ஸில் பில் புக் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், ஐம்பது தாள், மேலே ஜீப் படம் போட்டு. வியாழக்கிழமை தருகிறேன் என்றார்கள்.